மறைந்த தோழியின் எழுத்து நம்மிடம் உள்ள அமானிதம்

ஒருவர் இறந்தவுடன் அவருடைய செயல்கள் யாவும் முடிவுக்கு வந்துவிடுகின்றன. நிலைத்து நிற்கும் அறம், பிறர் பயன்பெறும் அறிவு, தமக்காக இறைஞ்சும் நன்மக்கள் ஆகிய மூன்றின் பயன் மட்டுமே தொடர்கின்றது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய அறிவுரையாகும். பள்ளிவாசலுக்கு நிலம் எழுதி வைத்தலும் கிணறு தோண்டுதலும் முதல்வகை அறம் என்பதை நம் பெரியோர் நன்கறிவர். பிள்ளைகளை நல்வழிப்படுத்துதல் மூன்றாம் வகை என்பதையும் அறிவர். இடையில் நிற்கும் 'பயன்பெறும் அறிவு' என்பதைக் குறித்தே நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

எழுத்தாளர் ஒருவர் மறைகின்றார். அவர் விட்டுச்சென்ற அறிவு எங்கே இருக்கின்றது? பழைய மாத இதழ்களிலும், மீலாது மலர்களிலும், கோடிட்ட நோட்டுப் புத்தகங்களிலும், உறவினர்க்கு எழுதிய மடல்களிலும் சிதறிக் கிடக்கின்றது. ஜனாஸா வீட்டில் எல்லோரும் அவர் புகழ் பேசுகின்றனர். நாற்பது நாள் கழிந்தபின் வீடு ஒழுங்குபடுத்தப்படுகின்றது. பரண்மேல் இருந்த தாள்கள் எடைக்குப் போகின்றன. மறைந்தவர் பெண்ணாக இருப்பின் இது இன்னும் விரைவாக நிகழ்கின்றது. அவர் எழுதினார் என்பதே அண்டை வீட்டார்க்குத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

ஆகவே, மறைந்த எழுத்தாளத் தோழி ஒருவரின் சமயக் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக வெளியிடுதல் என்னும் பணி எத்தகையது, அதனை முன்னோர் எவ்வாறு செய்தனர், நாம் எவ்வாறு செய்தல் வேண்டும் என்பதனை இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

கடலூர், சிதம்பரம் வட்டாரம் காட்டும் முன்மாதிரி

நட்பின் கடமையாக நூலை நிறைவுசெய்து தரும் மரபு நம் மண்ணுக்குப் புதியதன்று. உமறுப் புலவர் சீறாப்புராணத்தைப் பாடிவருங்கால் அவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி மறைந்தார். அதன்பின் புலவரை ஆதரித்து நூல் தொடர வழி செய்தவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் என்று இலக்கிய வரலாறு கூறுகின்றது. சிதம்பரத்தை அடுத்துள்ள அப்பரங்கிப்பேட்டையே மஹ்மூது பந்தர் எனவும் போர்ட்டோ நோவோ எனவும் வழங்கப்பட்ட துறைமுகப் பட்டினம். நபிகள் நாயகத்தின் வரலாற்றை முற்றும் பாடாமலே உமறு மறைந்தார். எஞ்சிய பகுதியைப் பனீ அகுமது மரைக்காயர் 'சின்னச் சீறா' எனப் பாடி நிறைவுசெய்தார். பெருங்காப்பியமாகிய சீறா ஏட்டிலேயே கிடந்தது. அதனை 1842-இல் அச்சேற்றியவர் புலவர் நாயகம் எனப் போற்றப்பெறும் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் ஆவார். ஒரு நூல் நம் கைக்கு வந்து சேர எத்தனை பேர் தேவைப்படுகின்றனர் என்பதனை இங்கே காண்கின்றோம். பாடியவர் ஒருவர், காத்தவர் பலர்.

இதே வட்டாரத்தில் மற்றொரு சான்றும் உண்டு. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த இராமலிங்க அடிகள் கருங்குழியில் தங்கியிருந்த காலத்தில், அவருடைய அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார் பாடல்களை அச்சிடத் தருமாறு பன்முறை வேண்டினார். பாடல்கள் கைக்கு வரும்வரை நாளொன்றுக்கு ஒருவேளை மட்டுமே உண்பதென அவர் உறுதி பூண்டதாக அறிகின்றோம். அவ்வன்பின் பயனாகத் தொழுவூர் வேலாயுத முதலியார் முதலானோர் முயற்சியில் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867-இல் வெளிவந்தன. அடிகள் 1874-இல் மேட்டுக்குப்பத்தில் மறைந்தார். ஐந்தாம் திருமுறை 1880-இலும், ஆறாம் திருமுறை 1885-இலுமே அச்சு வடிவம் பெற்றன. சாதி சமய வேறுபாடுகளைக் கடந்த அவருடைய இறுதிக்கால எண்ணங்கள் மிகுதியாக அடங்கிய பகுதி அவ்வாறாம் திருமுறையே என்பது கருதத்தக்கது. ஒருவர் தம் வாழ்வின் முடிவில் எய்திய தெளிவே கடைசியில் அச்சேறியது. அன்பர்கள் அக்கறை கொள்ளாதிருந்தால் அதுவே முதலில் அழிந்திருக்கும்.

அடிகளின் உரைநடையும் மடல்களும் இன்னும் நெடுங்காலம் காத்திருந்தன. ஆ. பாலகிருஷ்ண பிள்ளை அவர்கள் 1931 தொடங்கி 1958 வரை பன்னிரண்டு புத்தகங்களாக வெளியிட்ட பதிப்பில் பாடல்களோடு அவையும் இடம்பெற்றன. ஒரு தொகுப்புக்கு ஏறத்தாழ ஒரு தலைமுறைக்கால உழைப்பு வேண்டியிருந்தது என்பதனைப் பதிப்பிக்க எண்ணுவோர் நினைவிற் கொள்ளுதல் நலம். அருட்பாவைச் சார்ந்து எழுந்த பூசல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றதும், பிற்காலத்தில் அப்பாடல்கள் அருட்பாவே என மேடைதோறும் வாதிட்டவருள் முதன்மையானவர் ஒரு முஸ்லிம் புலவராகிய செய்குத்தம்பிப் பாவலர் (1874 - 1950) என்பதும் ஈண்டு நினைக்கத் தக்கன. பிறர் சமய எழுத்தையும் நேர்மையோடு காத்தல் நம் முன்னோரின் பண்பாக இருந்துள்ளது.

கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் வாழ்ந்த அசலாம்பிகை அம்மையார் இளமையிலேயே கைம்மை எய்தியவர். தமிழ் கற்றுச் சொற்பொழிவாளராக விளங்கியவர். காந்தி புராணம் பாடியவர். இராமலிங்க அடிகளின் வரலாற்றையும் பாடினார். பெண்ணொருத்தி சமயம் பற்றி எழுதவும் பேசவும் கூடும் என்பதனை இம்மண் முன்பே ஏற்றுக்கொண்டது என்பதற்கு அவர் சான்றாவார்.

சிதம்பரத்திலிருந்து நாகூருக்கு ஒரு தொடர்பு

டாக்டர் உ.வே. சாமிநாதையர் அவர்கள் 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராகப் பணிபுரிந்தார். சங்க நூல்களைப் பதிப்பித்தவர் என்றே அவரைப் பெரிதும் அறிவோம். ஆயின், தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்கள் 1876-இல் மறைந்தபின், அங்குமிங்குமாகக் கிடந்த அவருடைய சிற்றிலக்கியங்களைத் திரட்டிப் பிரபந்தத் திரட்டாக 1910-இல் வெளியிட்டதும், பின்னர் அவருடைய வாழ்க்கை வரலாற்றை இரு பாகங்களாக எழுதியதும் அவர் செய்த நன்றிக்கடன்களே. ஈராயிரம் ஆண்டுப் பழமையைத் தேடியவர், நேற்று மறைந்தவரையும் தேடினார்.

அத்தகைய முதுபெரும் புலவர் தம் எண்பதுகளில் நாகூரைச் சேர்ந்த ஓர் இளம் முஸ்லிம் பெண்ணின் புதினத்திற்கு மதிப்புரை வழங்கினார். 1938-இல் வெளிவந்த 'காதலா? கடமையா?' என்பதே அந்நூல். அதனை இயற்றிய சித்தி ஜுனைதா பேகம் (1917 - 1998) அவர்கள் தமிழ் முஸ்லிம் பெண்களுள் முதல் புதின ஆசிரியர் எனப் போற்றப்படுகின்றார். பள்ளியில் அவர் பயின்றது மூன்றாம் வகுப்பு வரையே. பன்னிரண்டாம் அகவையில் திருமணம். இளமையிலேயே கணவரை இழந்து பெண்மக்களை வளர்க்கும் பொறுப்பை ஏற்றார். இத்தனைக்கும் நடுவே புதினமும் சிறுகதையும் வரலாறும் சமயக் கட்டுரையும் எழுதினார்.

அம்மையாரின் புனைகதைகள் பற்றி ஆய்வாளர் பேசுகின்றனர். ஆனால் நம் கருத்துக்குரியது அவருடைய சமய எழுத்தே. இறைநேசர் வரலாறுகளும், நாகூர் ஆண்டகையின் வரலாறும் அவர் எழுதியவை. 'இஸ்லாமும் பெண்களும்' என்னும் கட்டுரைத் தொகுதியும் அவர் பெயர் தாங்கி வந்துள்ளது. மார்க்கம் பெண்ணுக்கு வழங்கிய உரிமைகளை ஆண் ஒருவர் மேடையில் விளக்குவது வேறு. அவ்வுரிமைகளை நடைமுறையில் பெற்றும் பெறாதும் வாழ்ந்த பெண் ஒருவர் எழுதுவது வேறு. கல்வி, திருமணம், சொத்துப் பங்கு ஆகியவை பின்னவர்க்கு வாழ்க்கையில் நேர்ந்த வினாக்கள். எனவே அத்தகைய கட்டுரைகள் அழிந்தால், ஒரு தலைமுறைப் பெண்கள் மார்க்கத்தை எவ்வாறு உணர்ந்தனர் என்னும் சான்றே அழிந்துபோகும்.

ஜுனைதா பேகம் அவர்கள் இன்று நினைக்கப்படுவதற்கு அவருடைய திறமை மட்டும் காரணமன்று. அவர் குடும்பத்தில் எழுத்தாளர் இருந்தனர். நாகூர் ரூமி முதலானோர் அவரைப் பற்றி எழுதிவந்தனர். இஸ்லாமியத் தமிழ் இலக்கிய ஆய்வாளர் அவர் பெயரைப் பட்டியலில் சேர்த்தனர். அத்தகைய உறவும் நட்பும் வாய்க்காத பெண்மணிகள் எத்தனை பேர்? அவர்கட்காகத்தான் தோழியர் என்போர் வேண்டும்.

பெண் எழுத்து விரைந்து மறைவதேன்?

இதற்குக் காரணங்கள் சிலவற்றைக் கூறலாம். முதலாவது, பெயர். பலர் தம் பெயரை முழுதும் வெளியிடாமல் தலைப்பெழுத்தாலோ, இன்னாரின் துணைவி, இன்னாரின் மகள் என்றோ கையெழுத்திட்டனர். ஆண்டுகள் கழிந்தபின் அவர் யாரென அறிவது அரிது. இரண்டாவது, இதழ். பா. தாவூத்ஷா அவர்களின் 'தாருல் இஸ்லாம்' தொடங்கி எத்தனையோ முஸ்லிம் இதழ்கள் தமிழில் வெளிவந்தன. அவற்றின் முழுத் தொகுதிகள் ஓரிடத்தில் கிடைப்பது அருமை. மூன்றாவது, பொருள். கதைக்கும் கவிதைக்கும் உள்ள மதிப்பு சமயக் கட்டுரைக்கு இலக்கிய உலகில் இல்லை. 'இது இலக்கியமன்று' என ஒதுக்குகின்றனர். ஆலிம்களோ 'இது ஆய்வன்று' என ஒதுக்குகின்றனர். இருபாலார்க்கும் நடுவே அக்கட்டுரை தாயற்ற பிள்ளையாகின்றது.

நான்காவது காரணம் நம் கடற்கரை வாழ்வுக்கே உரியது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர், பரங்கிப்பேட்டைக் கரைகளைத் தாக்கியது. 2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் கடலூர் மாவட்டத்தை உருக்குலைத்தது. 2015-இன் மழைக்காலத்தில் மாவட்டமே வெள்ளக்காடாயிற்று. உயிரும் உடைமையும் இழந்தோர் முன் தாள்களைப் பற்றிப் பேசுதல் தகாது. ஆயினும், நனைந்து சிதைந்த பெட்டிகளுள் எத்தனை பேருடைய வாழ்நாள் எழுத்து இருந்ததோ என எண்ணாதிருக்க இயலவில்லை. தொகுப்பதற்கு நாளை என்பது நமக்கு உறுதியளிக்கப்பட்டதன்று.

தொகுக்கும் முறை

நபிமொழிக் கலை வல்லார் நமக்கு அரியதொரு முறையை வகுத்துத் தந்துள்ளனர். ஒரு செய்தியைக் கேட்டவுடன், 'இதனைச் சொன்னவர் யார்? அவர் யாரிடமிருந்து கேட்டார்?' என வினவினர். அறிவிப்பாளர் வரிசையாகிய இஸ்னாது இல்லாமல் எதனையும் ஏற்றிலர். மறைந்த தோழியின் கட்டுரைகளைத் தொகுப்போரும் அவ்வினாவையே கேட்டல் வேண்டும். இக்கட்டுரை எவ்விதழில், எந்த மாதம், எந்த ஆண்டில் வந்தது? இக்கையெழுத்து அவருடையதா, அவர் சொல்லப் பிறர் எழுதியதா? இந்நோட்டினைக் காத்துத் தந்தவர் யார்? இவற்றை ஒவ்வொரு கட்டுரையின் இறுதியிலும் குறித்துவிடுதல் வேண்டும்.

முதற்பணி, அடைவு தயாரித்தல். கிடைத்தவை, தலைப்பு மட்டும் தெரிந்தவை எனப் பிரித்து எழுதிக்கொள்ளல் வேண்டும். கிடைக்காதவற்றின் பட்டியலையும் நூலில் அச்சிட்டால், படிப்போர் எவரேனும் தம் வீட்டிலிருந்து எடுத்துத் தரக்கூடும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா பொது நூலகம், அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகம், நம் கல்லூரிகளின் நூலகங்கள் ஆகியவற்றில் பழைய இதழ்களைத் தேடுதல் தகும். 1973-இல் திருச்சியில் நடைபெற்ற இஸ்லாமியத் தமிழ் இலக்கிய ஆராய்ச்சி மாநாட்டிலிருந்து தொடரும் மாநாட்டு மலர்களையும் மறத்தலாகாது.

அடுத்தது, வரிசைப்படுத்துதல். தொழுகை, நோன்பு, பெண் உரிமை எனப் பொருளால் பகுப்பது படிப்போர்க்கு எளிது. ஆயினும் கால வரிசையே சிறந்தது என நாம் கருதுகின்றோம். இருபது அகவையில் எழுதியதும் அறுபதில் எழுதியதும் ஒன்றல்ல. ஓர் உள்ளம் தன் நம்பிக்கையில் எவ்வாறு முதிர்ந்தது என்பதனைக் கால வரிசை ஒன்றே காட்டும். பொருளால் தேடுவோர்க்குப் பின்னிணைப்பாக ஓர் அகராதி அமைத்தால் போதும்.

திருத்தலாமா?

இப்பணியில் மிக இடர்ப்பாடான வினா இதுவே. அன்பு மிகுதியால் நண்பர்கள் மறைந்தவரின் எழுத்தைத் திருத்தத் தொடங்குகின்றனர். 'இத்தொடர் பெரியோர் மனத்தைப் புண்படுத்தும், எடுத்துவிடுவோம்' என்கின்றனர். 'இன்று அவர் இருந்தால் இவ்வாறு எழுதமாட்டார்' என்கின்றனர்.

வங்காளத்துப் பேகம் ரொக்கையா (1880 - 1932) அவர்களின் வரலாறு இங்குப் பாடமாகும். முஸ்லிம் பெண் கல்விக்காக உழைத்த அவர் பெண்களின் தாழ்நிலை குறித்து இதழொன்றில் கட்டுரை எழுதினார். எதிர்ப்பு எழுந்தது. 'மோதிசூர்' என்னும் நூலில் அக்கட்டுரை சேர்க்கப்பட்டபொழுது சில பத்திகள் விடப்பட்டிருந்தன. பின்வந்தோர் பழைய இதழைத் தேடிப் படித்ததனாலேயே அப்பத்திகள் இன்று நமக்குத் தெரிகின்றன. அவர் உயிரோடிருக்கையில் தம் எழுத்தைத் தாமே மாற்றிக்கொள்ளுதல் அவர் உரிமை. இறந்தபின் பிறர் மாற்றுதல் எவர்க்கும் உரிமையாகாது. அமானிதப் பொருளை வைத்திருப்பவர் அதனை உள்ளவாறே திருப்பித் தரக் கடமைப்பட்டவர். அழகுபடுத்தித் தருகிறேன் என்று அதன் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ள இயலாது.

அச்சுப் பிழைகளைத் திருத்தலாம். திருக்குர்ஆன் வசன எண் தவறியிருப்பின் அடிக்குறிப்பில் காட்டலாம். அவர் எடுத்தாண்ட நபிமொழி வலுக்குறைந்தது என ஆலிம்கள் கூறின், அதனையும் அடிக்குறிப்பில் பணிவோடு எழுதலாம். மூலத்தைத் தொடுதல் ஆகாது. முற்கால எழுத்தாளர் திருமறைப் பகுதிகளைத் தாமே தமிழாக்கியோ, செவிவழிக் கேட்டவாறோ எழுதினர். அப்பகுதிகளை நீக்கிப் புதிய மொழிபெயர்ப்பை இட்டு நிரப்பினால், அவர் இறைமொழியை எவ்வாறு விளங்கிக்கொண்டார் என்பது மறைந்துவிடும். வேண்டின் இரண்டையும் தரலாம். அவ்வாறே 'இஸ்லாம்', 'இசுலாம்' என்னும் எழுத்து வேறுபாடுகளும், வீட்டுப் பேச்சில் வழங்கும் அரபுச் சொற்களும் அக்காலத்து மொழியின் சான்றுகள். அவற்றைக் காத்துச் சொற்பொருள் விளக்கம் சேர்த்தல் தமிழ்த்துறையினர் செய்யத்தக்க பணி.

உரிமையும் பொறுப்பும்

நட்பு எத்துணை ஆழமானதாயினும் நூலுரிமை நண்பர்க்கு உரியதன்று. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி எழுத்தாளரின் வாழ்நாளுக்குப் பின்னும் அறுபது ஆண்டுகள் உரிமை நிலைக்கின்றது. முன்பு ஐம்பதாக இருந்தது 1992-இல் அறுபதாயிற்று. அவ்வுரிமையும் ஒரு சொத்தே. ஆதலின் வாரிசுகள் அனைவரிடமும் இசைவு பெறுதல் வேண்டும். மூத்த மகனிடம் மட்டும் கையெழுத்துப் பெற்று நிறைவடைதல் நம் வழக்கம். பெண்மக்கட்கும் பங்குண்டு என மார்க்கம் விதித்திருக்க, பெண்ணுரிமை பற்றி எழுதிய தாயின் நூலுக்கே மகளைக் கேளாமல் விடுதல் எத்துணை முரண்! பெரும்பாலும் தாயின் தாள்கள் எங்குள்ளன என்பதனை அறிந்தவரும் அம்மகளே.

குடும்பத்தார் வெளியிட விரும்பாத மடல்கள் இருக்கக்கூடும். சமயக் கட்டுரை பொதுமக்கட்காக எழுதப்பட்டது; மடல் ஒருவர்க்காக எழுதப்பட்டது. இவ்வேறுபாட்டை மதித்தல் பண்பாடு.

நூல் அச்சானபின் பணி முடிந்ததெனக் கருதலாகாது. 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கற் சட்டத்தின்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா நூலகம் முதலியவற்றிற்குப் படிகள் அனுப்புதல் பதிப்பாளர் கடமை. வெளியீட்டு விழாவில் பொன்னாடையோடு வழங்கப்படும் படிகளைவிட, நூலகத்தில் அமரும் அந்த ஓரிரு படிகளே நூற்றாண்டு கடந்து நிற்கும். அரபுக் கல்லூரிகளின் நூலகங்கட்கும், பெண்கள் மதரசாக்களுக்கும், மாவட்ட மைய நூலகங்கட்கும் அனுப்புதல் சாலச் சிறந்தது. முன்னுரையில் புகழ்மாலை சுருங்கட்டும். பிறந்த ஆண்டு, பயின்ற விதம், எழுதிய இதழ்கள், வாழ்ந்த ஊர்கள் ஆகியவை விரியட்டும். அவர் எவ்வேளையில் எழுதினார், யார் படித்துக் காட்டினார், எவர் தடுத்தார், எவர் துணைநின்றார் என்பன தோழியர்க்கு மட்டுமே தெரிந்தவை. தோழியர் எழுதாவிடின் அவற்றை எழுதுவார் எவருமிலர்.

முடிவாக

மாணவச் செல்வங்களே! நும் இல்லங்களில் பாட்டிமார், பெரியம்மாமார் எழுதி வைத்த நோட்டுகள் உள்ளனவா என இவ்விடுமுறையில் கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் கிடைப்பினும் படமெடுத்து, தேதியும் பெயரும் குறித்துத் தமிழ்த்துறையிடம் தாருங்கள். ஆசிரியப் பெருமக்கள் ஆய்வேட்டுத் தலைப்புகளுள் ஒன்றாக இதனை வைக்கலாம். சமுதாயப் பெரியோர், மறைந்தோர் நினைவாக நடத்தும் விருந்துச் செலவில் ஒரு சிறு பங்கை அவர்தம் எழுத்துக்கு ஒதுக்கலாம்.

கபுரின் மேல் எழுதும் பெயரை மழையும் உப்புக் காற்றும் அழித்துவிடும். மறைந்தவரின் சொல்லை ஒரு பெண் தன் வீட்டில் அமர்ந்து படித்து, அதனால் நற்செயல் ஒன்று புரிவாளாயின், அந்நன்மை எழுதியவரைச் சென்றடையும் என்பது நம் நம்பிக்கை. அதனைச் சேர்ப்பிக்கும் வாயிலாக நாம் அமைதல் பெரும் பேறு. அப்பேற்றினை எல்லாம் வல்ல இறைவன் நமக்கு நல்குவானாக.